டிராஃப்ட் முடிந்ததும் மார்க் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் இங்கே வரவும்

கானாடுகாத்தான்காரன்:
எங்கள் ஃபேன்டஸி ஃபுட்பால் குழுவில் இந்த வருட டிராஃப்டுக்கு (நிஜ வீரர்களை முறை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணியாக எடுப்பது; அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதை வைத்து நமக்குப் பாயின்ட்) யார் மார்க் போடுவது என்று பேச்சு வந்ததும், எட்டுப் பேரில் ஏழு பேர் "இவன் மட்டும் வேண்டாம்" என்றார்கள். அந்த இவன் நான்தான். காரணம் 2023 ஆகஸ்ட்.

இங்கிலாந்துக் கால்பந்து பிரீமியர் லீக் தொடங்க இரண்டு நாள் இருந்தது. நண்பனின் பூர்வீக வீடு முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும், அப்போது ஓடு மாற்ற ஆள் வந்திருந்ததால் திறந்திருந்தது, வளவில் (உள்முற்றத்தில்) ஆத்தங்குடிக் கல்லின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டோம். உள்ளே சிக்னல் கிடையாது. தன் முறை வந்தவன் போனைத் தூக்கிக்கொண்டு முகப்புக்கு ஓட வேண்டும், ஒருவன் தூணில் இடித்துக்கொண்டு நின்றதில் நேரம் முடிந்து, கணினியே அவனுக்கு யாரையோ எடுத்துக் கொடுத்துவிட்டது.

தெரியாதவர்களுக்கு: ஆளுக்குப் பதினைந்து வீரர்கள், 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு. ஒருவன் எடுத்த ஆள் இன்னொருவனுக்குக் கிடையாது. சாதாரண ஃபேன்டஸி மாதிரி எல்லோரும் கோலாகப் போட்டுத் தள்ளுகிற ஹாலண்டை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது.

முடிந்ததும் நான் நடுவரானேன். 1939-இலிருந்து கம்பன் விழா நடக்கிற காரைக்குடிப் பக்கத்தில் பிறந்துவிட்டு நடுவர் நாற்காலியைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? ஆனால் பட்டிமன்றத்தில் நடுவர் எந்த அணியிலும் பேசமாட்டார். எட்டு அணியில் ஒன்று என்னுடையது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

முதல் சுற்றிலேயே மான்செஸ்டர் சிட்டியின் டி பிரய்னேவை எடுத்தவனுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். கடைசிச் சுற்றில் கோல் பாமர் என்பவரை எடுத்தவனுக்கு நாலு. பையன் மான்செஸ்டர் சிட்டி பெஞ்சில் இருக்கிறவன், சீசனுக்கு முந்தின கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டத்தில் ஒரு கோல் போட்டான் என்பதற்காக எடுத்தானாம். "பந்து பொறுக்கிப் போடுற பையனையும் எடுத்திருக்கலாமேடா பங்காளி" என்று எழுதினேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள், அவனும்தான் சிரித்தான்.

சிட்டிக்கு முதல் ஆட்டம் பர்ன்லியோடு, நம் நேரம் நள்ளிரவு பன்னிரண்டரை. ஒரு மணி ஆகும் முன்னே டி பிரய்னே தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார், திரும்பி வந்தது ஜனவரியில். என் ஒன்பது மார்க் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அடிபடுவதை யார் கண்டது.

பாமர் கதைதான் அசிங்கம். என் கிண்டலில் ரோஷப்பட்டு அவன் இரண்டாவது வாரமே பாமரைத் தன் அணியிலிருந்து விட்டுவிட்டான். அதே வாரம் சூப்பர் கப்பில் செவியாவுக்கு எதிராகப் பாமர் ஒரு கோல் போட, சும்மா கிடக்கட்டுமே என்று அடுத்த வாய்ப்பில் நான் எடுத்தேன். செப்டம்பர் 1 அன்று பாமர் செல்சிக்குப் போனார். சீசன் முடியும்போது 22 கோல், 11 அசிஸ்ட், 244 பாயின்ட். ஃபேன்டஸியில் அந்த வருடம் அவரைவிட அதிகம் எடுத்த ஆள் இல்லை.

நான் திட்டம் போட்டுத்தான் மட்டம் தட்டினேன் என்று இன்றைக்கும் சொல்கிறான். சத்தியமாக இல்லை. ஆனால் அவன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

தேவகோட்டைப் பேத்தி:
அண்ணா, நீங்கள் செய்தது தப்புதான், சரி அது இருக்கட்டும். என் கேள்வி வேறு. அவரவர் எந்த வரிசையில் எடுத்தார்கள் என்று பார்த்தீர்களா? எட்டுப் பேர் என்றால், ஒரு சுற்று முன்னே, அடுத்தது பின்னே என்று போவதால் முதல் ஆளுக்கு 1, அப்புறம் 16, 17. எட்டாம் ஆளுக்கு 8-உம் 9-உம் சேர்ந்து வரும். வரிசை போய்த் திரும்புகிற விளையாட்டில் "இவனிடம் பெரிய பெயர் இருக்கு" என்று மார்க் போட்டால் அது சீட்டுக் குலுக்கலுக்குப் போட்ட மார்க். அவன் முறை வந்தபோது மிச்சம் யார் இருந்தார்கள், அதில் யாரை விட்டுவிட்டு இவனை எடுத்தான், அதைப் பார்க்க வேண்டாமா?

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி, அத்தை பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஏலமாக நடத்துகிறோம். பிள்ளையார் நோன்பில் உப்புப் பொட்டலத்தை ஏலம் விடுவதைப் பார்த்து வளர்ந்த கூட்டம், சொல்லியா தர வேண்டும்! ஏலத்தில் பாதித் தீர்ப்பு விலையிலேயே இருக்கும். ஒரே கஷ்டம், அப்பச்சி பக்கத்தில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் விலையை ஏற்றிவிடுவார், வீரர் யாரென்றே அவருக்குத் தெரியாது.

2024-இல் ஆயாவை நடுவராக்கினோம். கேட்டது ஒன்றே ஒன்று: "போன வருசம் எத்தனை ஆட்டம் வந்தான்?" வேலைக்கு ஆள் வைக்கிற கணக்கு. மான்செஸ்டர் சிட்டி ரோட்ரி 34 ஆட்டம் என்றதும் அவரை எடுத்த என் தம்பிக்கு முதல் பரிசு, இரண்டு கந்தரப்பம். செப்டம்பர் 22, ஆர்சனல் ஆட்டத்தில் ரோட்ரிக்கு முழங்கால் போயிற்று. ஆயாவிடம் சொன்னால் "கொடுத்தது கொடுத்ததுதான்" என்று முடித்துவிட்டார்கள். அப்பம் எப்போதோ செரித்திருக்கும்.

பள்ளத்தூர்:
நான் 2023-இல் பிரென்ட்ஃபோர்டு ஃபார்வர்டு ஐவன் டோனியை எடுத்தேன். பந்தயம் கட்டிய வழக்கில் ஜனவரி 16 வரை தடை இருந்தவர். எனக்குப் போட்ட மார்க் பூஜ்யம், பக்கத்தில் ஒரு வாழைப்பழப் படம் வேறு. அஞ்சு மாதம் பெஞ்சில் ஒரு இடத்தை அடைத்து வைத்திருந்து, திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே ஃப்ரீகிக்கில் கோல் போட்டதும் விடியும் வரை குழுவில் ஆடித் தீர்த்தேன். அப்புறம் சீசன் முழுக்க மொத்தம் நாலே கோல். பூஜ்யம் சரியான மார்க்தான், அதைக் குழுவில் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பெயர் வேண்டாம்:
அந்தப் பாமரை விட்டவன் நான். இந்தக் கதையை இவன் சொல்லி நான் கேட்பது இது ஆறாவது தடவை, ஒவ்வொரு தடவையும் "சும்மா கிடக்கட்டுமே" என்கிற இடத்தில் வேகமாகப் போய்விடுவான். அன்றைக்கு ராத்திரியே எனக்கு போன் பண்ணி "பாமரை விட்டுட்டியா, நல்லதுடா" என்றாயே, அதை ஏன் எழுதவில்லை?

கானாடுகாத்தான்காரன்:
பண்ணினேன். விட்டுவிட்டானா என்று தெரிந்துகொள்ளத்தான்... சரி, அது எப்படி எழுதினாலும் கெட்டதாகத்தான் தெரியும்.

தேவகோட்டைத் தங்கச்சி சொன்னது மண்டையில் ஏறியது. பழைய வரிசையை எடுத்துப் பார்த்தேன். 2023-இல் உருப்படியாக எடுத்தவன் முகப்புக்கு ஓடித் தூணில் இடித்தவன்தான், கணினி எடுத்துக் கொடுத்த அந்த ஒரு ஆளைத் தவிர. ஒவ்வொரு முறையும் மிச்சம் இருந்ததில் நல்லதாகத்தான் பொறுக்கியிருக்கிறான். நான் அவனுக்குப் போட்ட மார்க் அஞ்சு, காரணமாக எழுதியிருந்தது "பெயர் சொல்லும்படி யாரும் இல்லை".

இந்த வருடம் நடுவர் கோலாலம்பூரில் இருக்கும் ஒரு மாப்பிள்ளை. அவர் விளையாடவில்லை, அதனால் யாரும் வாய் திறக்க முடியாது. நேற்று மார்க் வந்தது, எனக்கு மூன்று. என் கடைசி ஆளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார், படித்ததிலிருந்து அவனை விட்டுவிடலாமா என்றுதான் யோசனை. யாரென்று இங்கே சொல்ல மாட்டேன், பெயர் வேண்டாம் என்று எழுதியவன் இன்னும் ஆன்லைனில்தான் இருக்கிறான்.