புதுப்பிப்பு: அம்மாவின் எலும்பில் பரவிய மார்பகப் புற்றுநோய், நான்கு மாதங்களுக்குப் பிறகு

ஆறு ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை முடிந்த அம்மாவின் மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்பில் மீண்டும் தென்பட்டதையும், உடனே கீமோதெரபி தொடங்காமல் மருத்துவர் ஏன் தாமதிக்கிறார் என்று நான் கோபப்பட்டதையும் முன்பு எழுதியிருந்தேன். அவசரப்பட்டது என் தவறு.

முதல் கட்டியில் இருந்த ஹார்மோன் ஏற்பிகளும் (ஹார்மோனைப் பற்றிக்கொண்டு புற்றணுக்களை வளரத் தூண்டும் புரதங்கள்), ஹெர்2 (அவற்றின் வளர்ச்சியைத் தூண்டும் மற்றொரு புரதம்) நிலையும் பரவிய இடத்தில் மாறியிருக்கக்கூடும் என்பதால், எலும்பிலிருந்து திசு எடுத்துச் சோதித்த பிறகே சிகிச்சையை முடிவு செய்தார்கள். அம்மாவுக்கு ஹார்மோன் ஏற்பி உண்டு, ஹெர்2 இல்லை. உள்ளுறுப்புகளுக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது இவ்வகைக்கு முதலில் தருவது பெரும்பாலும் கீமோ அன்று. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உருவாவதைக் குறைக்கும் லெட்ரோசோலும், உயிரணுப் பிரிவைத் தூண்டும் சிடிகே 4, 6 நொதிகளைத் தடுக்கும் பால்போசிக்லிப் போன்ற மருந்தும்தான்.

பால்போசிக்லிப்பை 21 நாள் உட்கொண்டு 7 நாள் நிறுத்த வேண்டும். நிறுத்தும் நாட்களை அம்மா நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். இரண்டாம் சுற்றுக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்ததால், ஒரு வாரம் தள்ளிவைத்து, அளவை 125 மில்லிகிராமிலிருந்து 100 ஆகக் குறைத்தார்கள். எலும்புக்கான சோலெட்ரோனிக் அமில ஊசிக்கு முன் பல் மருத்துவரிடம் அனுப்பியது எனக்கு வேடிக்கையாகத் தெரிந்தது. அம்மருந்து அரிதாகத் தாடையெலும்பைச் சிதைக்கும் என்பது பிறகுதான் புரிந்தது.

முற்றிலும் குணமாகுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்நிலையில் நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பதே நோக்கம் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். அண்மைய ஸ்கேனில் புதிய இடங்கள் எதுவும் இல்லை. அம்மா இப்போது கைப்பிடியைப் பற்றாமல் படியேறுகிறார்.