பழைய போர்ஷே 911 வாங்கலாமா?

கேள்வி: 1999ஆம் ஆண்டின் 911, 996 வகை, மலிவாக வருகிறது. ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பாகம்) உடைந்தால் எஞ்சினே போய்விடும் என்கிறார்களே, விட்டுவிடலாமா?

பதில்: அந்த பேரிங், கிளட்ச்சை ஒட்டிய ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால், கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை இறக்கும்போதே அதையும் மாற்றிவிட்டால் கூலி இரட்டிப்பாகாது. பேரிங் தேய்கிறதா என்று அறிய, ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளைக் காந்தத்தால் தடவிப் பாருங்கள். இரும்புத் துகள் ஒட்டினால் வண்டியைத் தொடாதீர்கள்.

மற்றொரு பதில்: எனக்கு பேரிங்கைவிட ரேடியேட்டர்கள்மீதுதான் கவலை. முன் பம்பரின் திறப்புகளில் சேரும் சருகுகள் ஈரத்தில் ஊறி, ரேடியேட்டர்களையும் ஏசி கண்டன்சர்களையும் அரித்துவிடுகின்றன. வண்டியின் விலை இறங்கினாலும் உதிரிபாக விலை இறங்குவதில்லை.

கேட்டவர்: கிளட்ச் மாற்றிய ரசீது இருக்கிறது, அதில் பேரிங் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தச் செலவைக் கழித்தே விலை பேசுகிறேன்.