எனக்காகத் தேர்வு எழுதியவள்: நினைவில் நிற்பவை

கல்லூரியில் மூத்த மாணவர்:

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தேர்வில் நான் விடை சொல்ல, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். அதற்குப் பலர் வந்திருக்கிறார்கள். நல்ல மனசோடுதான் வருவார்கள், ஆனால் பாதியில் இரக்கம் வந்துவிடும். நான் ஒரு விடையைச் சொன்னதும் பேனா நின்றுவிடும். "அப்படியா...?" என்று ஓர் இழுப்பு. அந்த இழுப்பிலேயே விடை தப்பு என்று எனக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அது என் தேர்வாக இருக்காது.

அவள் எனக்குக் கீழ் வகுப்பு, பாடமும் வேறு. சரியோ தப்போ, பேனாவின் சத்தம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். முடித்ததும் "படிக்கவா?" என்பாள். நான் சொன்னதை அப்படியே, காற்புள்ளி உட்பட, படித்துக் காட்டுவாள். பொருளாதார வினாத்தாளில் வரைபடம் வந்தால் மற்றவர்கள் தடுமாறுவார்கள். அவள் சொல்வாள்: "ரெண்டு கோடு. ஒண்ணு இடப்பக்கம் மேலே ஆரம்பிச்சு வலப்பக்கம் கீழே இறங்குது. இன்னொண்ணு கீழேயிருந்து ஏறுது. நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமா வெட்டிக்குது." எது தேவை, எது அளிப்பு என்று கண்டுபிடிப்பது என் வேலை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு என்ன பொருள் என்பதை என்னிடம் விட்டுவிடுவாள். அவளைப் பற்றி ஒன்றே ஒன்று சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

நாங்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தையும் கற்றுக்கொண்டாள். லூயி பிரெயில் 1824-ல், தன் 15-வது வயதில் உருவாக்கிய ஆறு புள்ளிகள். அவற்றில் 63 வடிவங்கள் கிடைக்கும். படிப்பதைவிடக் கையால் எழுதுவது கடினம். தாளைச் சட்டத்தில் மாட்டி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால்தான் புள்ளிகள் மேடாக நிற்கும். ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் போட வேண்டும். தமிழ் பிரெயிலில் 'ஏ'யும் 'இ'யும் ஒன்றுக்கொன்று கண்ணாடி வடிவம். மெய் முதலில், உயிர் அடுத்து என்று தனித்தனியாக வரும். அவள் எனக்கு முதன்முதலில் எழுதிய கடிதத்தில் 'தேதி' என்பது 'திதே' என்று வந்திருந்தது. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். அடிக்கடி தடவிப் படித்ததில் புள்ளிகள் அமுங்கிவிட்டன.

ஒலிநூல் வாசிப்பில் உடனிருந்த தோழி:

பார்வையற்ற மாணவர்களுக்காக நாங்கள் இருவரும் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்துவந்தோம். அவளுக்கு வந்தது அக்யூட் மைலாய்டு லுக்கிமியா. எலும்பு மஜ்ஜையில் தொடங்கி வேகமாகப் பரவும் ரத்தப் புற்றுநோய். ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை வேறொருவரிடமிருந்து பெற்றுச் செலுத்த வேண்டியிருந்தது. தம்பியுடையது பொருந்தவில்லை. உடன்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்புதான். வெளியிலிருந்து ஒரு கொடையாளர் கிடைத்தார். அவருடைய ஸ்டெம் செல்லைச் செலுத்துவதற்கு முன்பே நோய் திரும்பிவிட்டது. அப்போது அவளுக்கு 29 வயது.

"கடைசிவரை சிரித்த முகம்" என்று சிலர் சொல்கிறார்கள். அன்பினால் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் நான் பார்த்தவள் கோபப்பட்டாள், பயந்தாள், "எனக்கு மட்டும் ஏன்டி?" என்று கேட்டு அழுதாள். அதையும் சேர்த்து நினைத்தால்தான் அவள் எனக்கு முழுசாகக் கிடைக்கிறாள்.

கீமோதெரபி வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். வாயின் உட்தோலும் அதில் அடிபடும். வாயெல்லாம் புண்ணாகி அவளால் பேச முடியாமல் போனது. வாசிக்க முடியாதவள் கேட்கத் தொடங்கினாள். நான் பதிவு செய்து அனுப்பும் அத்தியாயங்களைக் கேட்டுப் பிழை குறித்து அனுப்புவாள். "14:20 – அளிப்பு என்பது அழிப்பு என்று கேட்கிறது. திரும்பப் படி." "31:05 – அட்டவணையின் தலைப்பை விட்டுவிட்டாய்." நலம் விசாரித்து நான் அனுப்பியதற்குப் பதில் வராது, இது மட்டும் வரும். சோர்வில் தூங்கிவிட்டாளோ என்று நினைக்கும்போது இன்னொன்று வரும். அந்தப் பாடநூலில் என் குரல் தெளிவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தத் தெளிவு அவள் காதிலிருந்து வந்தது.

பள்ளி மாணவி:

நான் அக்காவை ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்தேன். அதற்கு முன்பே அவங்க வாசித்த வரலாறு, உயிரியல் எல்லாம் கேட்டிருந்தேன், அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில். நேரில் பேசியபோது இவ்வளவு மெதுவாகப் பேசுவாங்களா என்று ஆச்சரியமாக இருந்தது. அதைச் சொன்னதும், எந்தப் பாடத்தை எந்த வேகத்தில் கேட்கிறேன், எங்கே நிறுத்தித் திரும்பக் கேட்கிறேன் என்று விசாரித்துக்கொண்டே இருந்தாங்க. இதயத்தின் படம் புரியவில்லை என்றேன். "வலது அறைன்னு புத்தகத்துல இருக்கிறது அந்த ஆளோட வலது. படத்துல அது இடப்பக்கம் தெரியும். நான் வாசிக்கும்போது அதைச் சொல்லியிருக்கணும்" என்றாங்க. அடுத்த வாரமே அந்தப் பாடம் புதிதாக வந்தது.

படங்களை எப்படி விவரிப்பது என்று அக்கா எழுதிய குறிப்புகளை அவங்க தம்பி எனக்கு அனுப்பியிருக்கிறார். முதலில் மொத்தத்தில் என்ன படம் என்று சொல், பிறகு திசை, நிறம் பாடத்துக்குத் தேவையென்றால் மட்டும், அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பைத் திரும்பச் சொல், 'இங்கே பாருங்கள்' என்று வந்தால் எங்கே என்று சொல். வேதியியலில் கடைசி நான்கு பாடங்கள் இன்னும் வாசிக்கப்படவில்லை. வாசிக்க முன்வருகிறவர்கள் சொல்லுங்கள், குறிப்புகளை அனுப்புகிறேன்.