தேசிய காலநிலைத் திட்டத்த பல மடங்கு பெருசாக்கணுமா, இல்ல மாவட்டத்துக்கு விட்டுடணுமா? குமரிக்காரங்க பேசுங்க

மார்த்தாண்டம்_மினி:
எல்லாருக்கும் வணக்கம். 2008ல மத்திய அரசு எட்டு இயக்கம் வச்சு காலநிலைக்கு ஒரு தேசிய செயல்திட்டம் கொண்டு வந்துச்சு, 2021ல கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுல போயி 2070க்குள்ள நெட் ஜீரோ (வெளியேத்துற கார்பனும் உறிஞ்சுற கார்பனும் சமம்), 2030க்குள்ள நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்காத மின்சாரத்துக்கு 500 ஜிகாவாட் திறன்னு சொன்னாங்க. தமிழ்நாட்டுல மாவட்டத்துக்கு ஒரு காலநிலை இயக்கமும் இருக்கு, கலெக்டர் பொறுப்புல. என் கருத்து என்னன்னா, மாவட்டம் மாவட்டமா பேசிட்டு இருந்தா காலம் போயிடும், மத்தியிலேருந்து ஒரே அச்சுல நாடு முழுக்க வேகமா பரப்பணும். எல்இடி பல்பு பாருங்க, 2014ல அரசு மொத்தமா வாங்குன விலை ஒண்ணு 310 ரூபா, ரெண்டே வருஷத்துல 38 ரூபா ஆச்சு, 36 கோடி பல்புக்கு மேல வீடுகளுக்கு போயிருக்கு. பெரிய அளவுல செஞ்சதால மட்டும்தான் அது நடந்துச்சு. இதே மாதிரி எல்லாத்தையும் செய்யலாம்ங்கறேன். மாற்றுக்கருத்து இருந்தா சொல்லுங்க.

தூத்தூர்_ஆழ்கடல்:
பல்பு எந்த வீட்டுலயும் ஒரே ஹோல்டர்லதான் மாட்டும் மினி, கடக்கரை அப்பிடி இல்லல்லா. நீரோடில இருந்து இரையுமன்துறை வர எங்க எட்டு ஊருக்கும் தங்கல் தொழிலாக்கும், போட்டு (படகு) எடுத்தா திரும்பி வர ஒரு மாசம் கூட ஆவும், லட்சத்தீவு தாண்டி குஜராத் பக்கம் வர போவோம். 2017 நவம்பர் 29ல தாழ்வு மண்டலம், மறுநாளே ஒக்கி புயலா மாறிட்டு, கரைல நிக்கவனுக்கு எச்சரிக்க சொல்லியாச்சு, அதுக்கு முந்தியே கடலுக்கு போனவனுக்கு ஆரு சொல்லுவா? கரைலயே இருக்க ஆளுக்கு போட்ட திட்டத்த பத்து மடங்கு பெருசாக்குனாலும் எங்க ஆளு விட்டுப்போவான். எத்தனையோ வீட்டுல உடம்பு கூட வந்து சேரல. ஒரே அச்சுன்னு சொல்லும்போ எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு, கோவமா சொன்னேன்னு நெனைக்காண்டாம்.

அரல்வாய்_காத்தாடி:
அண்ணே, உங்க வலி நியாயம். ஆனா அதுக்கு தீர்வு எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க. கரையிலேருந்து செல்போன் டவர் எட்டாது, செயற்கைக்கோள் வழியா ரெண்டு பக்கமும் மெசேஜ் போற ட்ரான்ஸ்பாண்டர் வேணும், அத ஒரு லட்சம் படகுக்கு 364 கோடில மாட்டுற திட்டம் மத்திய அரசோடது, 2024 ஆகஸ்டுல தொடங்கி வச்சாங்க. நம்ம கலெக்டர் ஆபீஸ் தனியா செயற்கைக்கோள் வாங்குமா? இன்னொண்ணு, உங்க பக்கத்து போட்டுல பாதி கொச்சி தோப்பும்படி துறைமுகத்துலதான் கட்டி நிக்குது. குமரி ஆளு, கேரளா துறைமுகம், கர்நாடகா தாண்டி மீன்பிடி, இத மாவட்ட திட்டம்னு எப்படி போடுவீங்க? நீங்க சொன்ன உதாரணமே தேசிய அளவுல செய்யணும்ங்கறதுக்குதான் சாட்சி.

தேரூர்_பத்து:
தம்பி, கடலுக்கு அது சரியா இருக்கலாம். வயலுக்கு வாங்க. சுசீந்திரம் தேரூர் குளம் 2022ல ராம்சர் பட்டியல்ல (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களோட பட்டியல்) ஏறிச்சு, வேம்பனூரும் அதே வருஷம். எங்களுக்கெல்லாம் ரொம்ப பெருமை. ஆனா குளத்துக்கு தண்ணி வர்ற ஓடையும் மிச்சத் தண்ணி வெளிய போற மறுகாலும் அந்த 94 ஹெக்டேர் கணக்குக்கு வெளிய கிடக்கு, அங்கதான் மண்ணப் போட்டு நிரத்தி பிளாட்டு போடுதாங்க. பேச்சிப்பாறை அணை தண்ணிய நம்பி கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம் நெல்லு எடுத்த பூமி இது, இப்போ அறுக்குற நேரத்துல மழ வந்து கதிரு சாயுது, வெதைக்குற நேரத்துல வானம் பாக்க வேண்டியிருக்கு. பயிர் காப்பீடும் தேசிய திட்டம்தான், 2016ல வந்தது, பெரும்பாலும் கிராமத்து சராசரி மகசூல வச்சுதான் இழப்பு கணக்கு. எம் பத்துல (வயல்ல) முழுசும் போயி பக்கத்து பத்துல நல்லா வெளஞ்சா எனக்கு ஒண்ணும் இல்ல. பெருசா செய்யுங்க, வேண்டாங்கல, ஆனா கணக்கெடுக்கிற அளவு சின்னதா இருக்கணும். திட்டத்தோட பரப்பு வேற, அளக்குற கோல் வேற, ரெண்டையும் ஒண்ணா கொழப்பாதீங்க.

கருங்கல்_சோலார்:
நான் கூரைல சோலார் போடுற வேலை பாக்குறேன். வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தர்ற பிஎம் சூர்யகர் திட்டம் 2024 பிப்ரவரில வந்துச்சு, ஒரு கோடி வீடு இலக்கு, 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். குஜராத், மகாராஷ்டிரா, கேரளால போட்டு தள்ளிட்டாங்க, நம்ம பக்கம் அவ்வளவு இல்ல. காரணம் ஆட்களுக்கு விழிப்புணர்வு இல்லாததுன்னு மீட்டிங்ல சொல்றாங்க, அது இல்லவே இல்ல. தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, சின்ன வீட்டுக்காரருக்கு பில்லே கொஞ்சம்தான், அவர் எதுக்கு கையிலேருந்து மீதி பணத்த போடுவாரு? களியக்காவிளை எல்லைக்கு அந்த பக்கம் கேரளால இருக்கிற வீட்டுக்காரருக்கு பில் கணக்கு வேற, அவர் போடுறாரு. எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒரே வெயில் ஒரே மழ, திட்டமும் ஒண்ணுதான். கடற்கரை காலனில கூரை ரெண்டு மூணு குடும்பத்துக்கு பொதுவா இருக்கு, யார் பேர்ல அப்ளை பண்றது? மினி, நீங்க சொல்ற ஒரே அச்சு இந்த இடத்துல நிக்குது.

மார்த்தாண்டம்_மினி:
அப்போ ஒவ்வொரு ஊருக்கும் ஒரு திட்டமா? அதயும் நாம பாத்தாச்சே. கடலரிப்புக்கு தூண்டில் வளைவு (கடலுக்குள்ள கல்லு போட்டு கட்டுற தடுப்பு) கேட்டு ஒவ்வொரு ஊரும் தனித்தனியா போராடுது, தனித்தனியா கிடைக்குது. கரையோரமா ஓடுற மணல் ஒரு வளைவுல தட்டி ஒரு பக்கம் சேருது, மறுபக்கம் இருக்கிற ஊர்ல கரை அறுந்து போகுது, உடனே அந்த ஊரும் வளைவு கேக்குது. அதுக்கு கல்லு எங்கேருந்து வருது, நம்ம மலையடிவாரத்து குவாரிலேருந்து. கடல காப்பாத்த மலைய ஒடைக்கிறோம். சுமார் 70 கிலோமீட்டர் கரையையும் ஒண்ணா எடுத்து மணல் எங்கேருந்து எங்க போகுதுன்னு பாத்து செய்யாம, ஊருக்கு ஒண்ணா செஞ்சதோட விளைவு இது. "உள்ளூர்"னு சொன்னா எல்லாம் சரியாயிடாது.

தூத்தூர்_ஆழ்கடல்:
வளைவு கேட்டது வீடு போகுதுன்னு, ஆசைல இல்ல. ஆனா நீ சொல்லுத மணல் கதை உண்மைதான், எல்லா ஊரு பெரியவங்களுக்கும் தெரியும். அதுல மணவாளக்குறிச்சில கனிம மண்ணு எடுக்கதயும் சேத்து பேசு, இப்போ கீழ்மிடாலம், கொல்லங்கோடு பக்கம் 1,144 ஹெக்டேர்ல எடுக்கணும்னு அடுத்த திட்டம் வச்சிருக்கு. பெருசா ஆக்குங்கன்னு சொல்லுத ஆளுககிட்ட எனக்கு ஒரே கேள்வி, எதைப் பெருசாக்குதீங்க? ஒரு கைல 2024 ஜூன்ல கடல்ல காத்தாடி (மின்சாரத்துக்கு காத்தாலை) வைக்க 7,453 கோடி, குஜராத் பக்கம் 500 மெகாவாட், தமிழ்நாடு பக்கம் 500. இன்னொரு கைல இதே கன்னியாகுமரி ஆழ்கடல்ல எண்ணெய், எரிவாயு தேட பிளாக் ஏலம். ரெண்டும் அதே டெல்லில இருந்துதான் வருது. ரெண்டுக்கும் எங்க கிட்ட ஆரும் கேக்கல, எங்க வலை எங்க விரியுது, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்குதுன்னு எங்களுக்குதான் தெரியும்.

அரல்வாய்_காத்தாடி:
எண்ணெய் பிளாக் விஷயத்துல உங்க பக்கம்தான் நானும், அத யாரும் காலநிலை திட்டம்னு சொல்ல முடியாது. ஆனா காத்தாடிய அதோட சேக்காதீங்க. கடலுக்கு போறதுக்கு முன்ன கரைலயே எவ்வளவு கிடக்குன்னு சொல்லுதேன். முப்பந்தல்ல 1980, 90கள்ல வச்ச 225, 250 கிலோவாட் மெஷின் இன்னும் சுத்துது, நாட்டுலயே முதல் தரமான காத்து ஆரல்வாய்மொழி கணவாய்ல வருது, அந்த காத்துல நிக்குறது பழைய குட்டி மெஷின். அதே இடத்துல 2, 3 மெகாவாட் மெஷின் வச்சா எண்ணிக்கை குறையும், கரண்டு கூடும். 2024ல மாநில அரசு அதுக்கு கொள்கையும் கொண்டு வந்துச்சு. ஏன் வேகமா நடக்கலன்னா, பெரிய மெஷினுக்கு நடுவுல இடைவெளி நெறைய வேணும், பத்து முதலாளிக்கு பத்து துண்டு நிலம், பழசு பத்த இறக்கிட்டு ரெண்டு புதுசு வச்சா அந்த ரெண்டும் யாரோடது? பங்கு பிரிக்கிறதுக்கு வழி இல்லாம நிக்குது. மே மாசத்துலேருந்து செப்டம்பர் வர காத்து வாரி அடிக்கும்போது கரண்ட எடுத்துட்டு போற லைனும் பத்தணும். இதெல்லாம் சரி பண்ண பெரிய பணம், பெரிய சட்டம் வேணும். மாவட்டத்தால ஆகாது.

தேரூர்_பத்து:
பணம்னு சொன்னதால ஒண்ணு. பசுமை காலநிலை நிதியில இருந்து 2018ல கடலோர மக்களுக்கு ஒரு பெரிய திட்டம் கிடைச்சுது, ஆந்திரா, மகாராஷ்டிரா, ஒடிசாவுக்கு. நாம அந்த லிஸ்ட்லயே இல்ல. 2024ல பாகு காலநிலை மாநாட்டுல பணக்கார நாடுங்க 2035க்குள்ள வருஷத்துக்கு 30,000 கோடி டாலர்னு ஒத்துக்கிட்டாங்க, நம்ம நாடு அங்கேயே பத்தாதுன்னு எந்திரிச்சு சொல்லிச்சு, சொன்னது சரிதான். ஆனா அந்த நியாயத்த பாகுல பேசுறவங்க நாகர்கோவிலுக்கும் பேசணும்லா? பாதிப்புக்கு ஏத்தமாதிரி பணம் வரணும்னு அங்க கேக்குறோம், இங்க மாநிலத்துக்குள்ள, மாவட்டத்துக்குள்ள அதே கேள்வி கேட்டா பதில் இல்ல.

கருங்கல்_சோலார்:
அண்ணாச்சி சொன்னதோட சேத்து ஒண்ணு கேக்குறேன், மானியத்துல ஒரு பகுதிய மாவட்டம் தன் இஷ்டத்துக்கு மாத்தி செலவு பண்ண விட்டா என்ன? தனிக் கூரை இல்லாத காலனிக்கு பள்ளிக்கூடம், சர்ச்சு ஹால், கோயில் மண்டபம் மேல பொதுவா பேனல் போட்டு எல்லார் பில்லுலயும் கழிக்கலாம். டெக்னிக்கலா ஒரு கஷ்டமும் இல்ல, விதிதான் எடம் குடுக்கணும்.

மார்த்தாண்டம்_மினி:
அந்த "ஒரு பகுதி" வேற எங்கயாவது போகாதுன்னு யாரு பாத்துக்குவா? நான் இன்னும் ஒத்துக்கல. கணக்கு எல்லாம் வெளிப்படையா, கிராமசபையில வச்சு படிச்சா யோசிக்கலாம்.

தூத்தூர்_ஆழ்கடல்:
கிராமசபைல எங்க ஊரு ஆம்பளைங்க பாதி பேரு இருக்க மாட்டோம், கடல்ல இருப்போம். பெண்டுக இருப்பாவ, அவங்க கிட்ட படிங்க, அவங்க கேப்பாவ. காத்தாடி தம்பிக்கு ஒண்ணு, கடல்ல மெஷின் வைக்காதன்னு நான் இப்பவும் சொல்லல. எந்த எடத்துல தொழில் நடக்குதுன்னு ஊர் கமிட்டி, மீன்வளத்துறை, காத்தாடி ஆளுக மூணு பேரும் உக்காந்து மேப்பு போடணும், அது எல்லாரும் பாக்க தமிழ்ல வரணும், அந்த மேப்பு வராம டெண்டர் விடக்கூடாது. இத எழுதி குடுக்க தயாரா இருக்கவங்க பேரு போடுங்க, ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு நான் வரைவு எழுதுதேன்.

அரல்வாய்_காத்தாடி:
என் பேர போடுங்க அண்ணே. முப்பந்தல் நிலப்பங்கு விஷயத்தயும் ரெண்டாவது கோரிக்கையா சேருங்க, இல்லன்னா நான் கையெழுத்து போடமாட்டேன்.