டர்பன் மசாலா மில்லுக்கு முதல் ஆபரேஷன்ஸ் மேனேஜர்: யாரை எடுக்கறது?

மில்காரர், ஃபீனிக்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். நம்மளுது மசாலா மில், முப்பது பேருக்கு மேல வேலை பாக்குறாங்க. மல்லி, மஞ்சள் எல்லாம் இந்தியாவுல இருந்து கப்பல்ல வருது, அரைச்சு பாக்கெட் போட்டு இங்க கடைங்களுக்கும் என்3 ஹைவேல ஜோபர்க்குக்கும் (ஜோகன்னஸ்பர்க்) அனுப்புறோம். கன்டெய்னர் லேட்டுன்னாலும் எனக்குதான் போன், டிரைவர் வரலைன்னாலும் எனக்குதான், பாக்கெட்ல தேதி தப்பா அடிச்சிட்டாலும் எனக்குதான், புது கஸ்டமரை போய் பாக்க நேரமே இல்ல. பெரிய சூப்பர்மார்க்கெட் குடோன்ல இருந்த ஒருத்தர் வந்து பேசினார், நல்லா பேசுறார், சம்பளமும் ஜாஸ்தி கேக்குறார். ஆரம்பத்துல இருந்து நம்மகிட்டயே இருக்குற சூப்பர்வைசர் அக்காவும் இருக்காங்க. மூணு மாசம் புரொபேஷன் போட்டு, சரிவரலைன்னா அனுப்பிடலாம்ல?

பேக்கரி, சாட்ஸ்வொர்த்:
தம்பி, ஆள் யாருங்கறது அப்புறம். உங்களை கேக்காம அவர் என்னென்ன முடிவு எடுக்கலாம்னு முதல்ல எழுதுங்க. எத்தனை ரேண்ட் வரைக்கும் அவரே ஆர்டர் போடலாம், மெஷின் பெல்ட் அறுந்தா அன்னைக்கே புதுசு வாங்கலாமா, லீவு யார் குடுக்கறது. இதெல்லாம் தெளிவா இல்லன்னா டிரைவர் உங்களுக்கேதான் போன் அடிப்பான், சம்பளம் மட்டும் ரெண்டு பேருக்கு போகும்.

எச்ஆர், ஜோபர்க்:
அண்ணா, புரொபேஷன்னா நெனச்சப்ப அனுப்பிடலாம்னு இல்ல. என்ன எதிர்பாக்குறீங்கன்னு எழுதி குடுக்கணும், நடுவுல உக்காந்து பேசணும், திருத்திக்க டைம் குடுக்கணும், அவர் சொல்றதையும் கேக்கணும். இல்லன்னா வேலை போன 30 நாளுக்குள்ள அவர் சிசிஎம்ஏ-ல, அதாவது வேலை தகராறை தீத்து வைக்கிற கமிஷன்ல, கேஸ் போடலாம், புரொபேஷன்ல இருந்தாலும் போடலாம். பேசினது எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க. சீனியர் மேனேஜருக்கு வாரம் 45 மணி நேர லிமிட் சட்டப்படி கிடையாது, ஆனா அதை நம்பி ராத்திரி பகலா வேலை வாங்காதீங்க, நல்ல ஆள் நிக்கமாட்டார்.

லாரி ஓனர், டோங்காட்:
இன்டர்வியூல உங்க மில் பிரச்சனையையே குடுங்க. மஞ்சள் கன்டெய்னர் துறைமுகத்துல மாட்டிக்கிச்சு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஜோபர்க் லாரி கிளம்பணும், ஸ்டாக் பாதிதான் இருக்கு, என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. எந்த கடைக்கு எவ்ளோ சரக்கு அனுப்ப பாக்கி, யாருக்கு ரெண்டு நாள் தள்ளலாம்னு திருப்பி கேக்குறவர் வேலை தெரிஞ்சவர். சிஸ்டம் மாத்தணும், டீம் வேணும்னு ஆரம்பிச்சா யோசிங்க, பெரிய கம்பெனில அவருக்கு கீழ பத்து பேர் செஞ்ச வேலையை இங்க அவரேதான் செய்யணும். அப்புறம், தீபாவளி சீசன்ல சேக்காதீங்க, அந்த நேரம் கத்துக்குடுக்க யாருக்கும் கை ஒழியாது.

மில்காரர், ஃபீனிக்ஸ்:
ரொம்ப நன்றி. வெளியாளை எடுத்தா அந்த சூப்பர்வைசர் அக்காகிட்ட எப்படி சொல்றதுன்னுதான் மனசு கஷ்டமா இருக்கு.

பேக்கரி, சாட்ஸ்வொர்த்:
வெளியாளுக்கு லெட்டர் குடுக்கறதுக்கு முன்னாடியே நீங்களே சொல்லிடுங்க தம்பி, வேற யார் வாயாலயும் கேக்க விடாதீங்க. அந்த வேலை அவங்களுக்கு வேணுமான்னும் நேரா கேளுங்க. வேணும்னா டோங்காட்காரர் சொன்ன அதே கேள்வியை அவங்ககிட்டயும் கேட்டு பாருங்க, வேணாம்னா இன்டர்வியூல உங்க பக்கத்துல உக்கார வைங்க, யார் தூள் பறக்குற தளத்துல இறங்கி நிப்பாங்கன்னு உங்களைவிட அவங்களுக்கு நல்லா தெரியும்.

மில்காரர், ஃபீனிக்ஸ்:
சரிக்கா. சனிக்கிழமை மில் மூடினதும் பேசிடுறேன், முடிவு லிஸ்ட்டும் எழுதி இங்க போடுறேன், பாத்து சொல்லுங்க.