பிங் கிராஸ்பியின் ரேடியோ காலம்: மைக், தட்டு, டேப்

அமெரிக்கப் பாடகர் கிராஸ்பியைப் பற்றிப் பேசுவதென்றால் மைக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1920களில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமானால் தொண்டையைத் திறந்து உரக்கப் பாடணும். அக்காலப் பாடகர் ரூடி வாலி மெகாஃபோனோடு நிற்பார். 1930களின் ரிப்பன் மைக் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. அதில் காந்தத்தின் நடுவே தொங்குவது மெல்லிய அலுமினிய இழை. வாய் நெருங்க நெருங்க மந்திர ஸ்தாயி கனக்கும். கிராஸ்பியின் கீழ்ச்சுரங்கள் காதோரம் பேசுவதுபோல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 'ப' வரும் சொல்லில் மூச்சு நேராக அடித்தால் இழை இழுபட்டுத் தொய்ந்துவிடும். அதனால் முகத்தைச் சற்றே பக்கவாட்டில் வைத்துப் பாட வேண்டும்.

*

மைக் சரி, நேரலை ஒலிபரப்பின் சிரமத்தையும் சொல்லணும். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். அதனால் பல நிகழ்ச்சிகளை ஒரே இரவில் இரண்டு தடவை நடத்தினார்கள். கிராஸ்பிக்கு இந்த நேரலைக் கட்டு பிடிக்கவில்லை. முன்பே பதிவு செய்து ஒலிபரப்ப என்பிசி வானொலி நிறுவனம் ஒத்துவரவில்லை, இன்னொரு நிறுவனமான ஏபிசி ஒத்துக்கொண்டது. 1946 அக்டோபரில் அவருடைய 'பில்கோ ரேடியோ டைம்' நிகழ்ச்சி ஒலித்தட்டில் பதிவாகி ஒலித்தது.

16 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம். தட்டை வெட்டி ஒட்ட முடியாது. ஒரு வரியை நீக்கணும் என்றாலும் இன்னொரு தட்டுக்கு நகல் எடுக்கணும். நகலின் நகலில் இரைச்சல் ஏறும், 'ஸ' மங்கும். நேயர்கள் குறைந்ததில் வியப்பே இல்லை.

*

அங்கேதான் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் மல்லின் வருகிறார். ஜெர்மனியிலிருந்து மேக்னட்டஃபோன் என்ற டேப் பதிவுக் கருவிகள் இரண்டையும் 50 டேப் சுருள்களையும் கொண்டுவந்தவர். வினாடிக்கு 77 செ.மீ. வேகம், 1000 மீட்டர் சுருள் 22 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், எனவே அரை மணி நிகழ்ச்சிக்கு ஒரு சுருள் போதாது. டேப்பைச் சாய்வாக வெட்டினால் ஒட்டு கேட்காது. நேராக வெட்டினால் 'டக்' என்று கேட்கும். சாதாரண ஒட்டுநாடாவில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். 1947 அக்டோபர் 1 தொடங்கி ஒலித்த கிராஸ்பி நிகழ்ச்சிகள் டேப்பில் தயாரானவை. டேப் அறுந்துவிடுமோ என்ற பயத்தில், முதலில் அதைத் தட்டுக்கு மாற்றித்தான் ஒலிபரப்பினார்கள்! கிராஸ்பி தன் பணம் 50,000 டாலரை, டேப் கருவி செய்யும் ஆம்பெக்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தார். 1948இல் அதன் டேப் கருவி மாடல் 200 வந்தது.

*

பழைய ஒலிபரப்புத் தட்டு கையில் கிடைத்தால் ஒரு விஷயம்: சில தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடும். ஊசியை வைக்கும் முன் லேபிளைப் படியுங்கள். அரக்குப் பூச்சில் வெள்ளைப் படலம் தெரிந்தால் சுத்தம் செய்யாமல் ஓட்டவே வேண்டாம். பூச்சு விரிசல் விட்டிருந்தால் ஊசியையே வைக்காதீர்கள், செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும்.