அம்மா பீடி சுற்றுகிறார், பெண்ணியப் பாடத்தில் அவரை எங்கே வைப்பது?

குடியாத்தம்காரி:
வேலூரில் எம்.ஏ. முதல் வருஷம். பெண்ணியக் கோட்பாடு ஒரு பேப்பர். தாராளவாதம், மார்க்சியம், தீவிரம் என்று மூன்று கட்டம் போட்டு நோட்ஸ் கொடுத்துவிட்டார்கள், மனப்பாடம் செய்தால் பாஸ், அது பிரச்சினை இல்லை. எங்கள் அம்மா பதினெட்டு வருஷமாக வீட்டில் பீடி சுற்றுகிறார். ராத்திரியே இலையை நனைத்து ஈரத்துணியில் சுருட்டி வைப்பார், விடிந்ததும் தகட்டை வைத்து வெட்டுவார், சோறு வடிக்கிற நேரம் போக முறம் மடியிலேயேதான் இருக்கும். நாளைக்கு எழுநூறு, எண்ணூறு. காலேஜ் ஃபாரத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் என் கையாலேயே ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருக்கிறேன். நேற்று நோட்ஸைப் புரட்டும்போதுதான் அது உறைத்தது. இவரை எந்தக் கட்டத்தில் வைப்பது?

பாலாற்று மணல்:
கட்டம் போட்டுப் படித்தால் இப்படித்தான் இடிக்கும்மா. தாராளவாதம் சட்டம், படிப்பு, சொத்து இதில் சம உரிமை கேட்கும். 1792-ல் இங்கிலாந்தில் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் பெண்ணுரிமை பற்றிப் புத்தகம் எழுதி ஆரம்பித்து வைத்த வாதம். பழசு என்று தள்ளிவிடாதே. நம்ம வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார், ஆண்களைச் சேர்த்ததே 1947-ல்தான். ஆனால் கதவு திறந்திருந்தும் உன் அம்மா ஏன் போகவில்லை என்று கேட்டால் அங்கே பதில் குறைவு. அதைத் தீவிரப் பெண்ணியம் கேட்கும்: வீட்டுக்குள்ளேயே அதிகாரம் இருக்கிறது, சமையலறையும் படுக்கையறையும் அரசியல்தான். இதைப் பேசிய கேட் மில்லெட்டின் ‘பாலியல் அரசியல்’ (Sexual Politics) புத்தகம் 1970-ல் வந்தது.

உழைப்பு, கூலி பற்றிக் கேட்கிற மார்க்சியப் பக்கத்தில் உனக்குத் தேவை மரியா மீஸ், ஜெர்மன் சமூகவியலாளர். ஆந்திரா நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி 1982-ல் எழுதினார். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, ஆனால் பின்னுகிறவளை ‘வீட்டுப் பொம்பளை, ஓய்வு நேரத்தில் பின்னுகிறாள்’ என்று சொல்லிவிட்டால் போதும், கூலியை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், சங்கம் கிடையாது, நேரக் கணக்கு கிடையாது. அவள் பின்னியதை விற்று ஆண்கள் வியாபாரி ஆனார்கள். இதற்கு மீஸ் வைத்த பெயர் இல்லத்தரசியாக்கம். நீ ஃபாரத்தில் எழுதியது அந்த வார்த்தையைத்தான்.

ரோட்டோர டீ:
எல்லாவற்றுக்கும் ஒரு இசம். எங்கள் அம்மாவும்தான் பீடி சுற்றினார், சந்தோஷமாகத்தான் இருந்தார்.

பாலாற்று மணல்:
தம்பி, சந்தோஷமாக இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. ஆயிரத்துக்கு என்ன கூலி வாங்கினார், அது யார் கைக்குப் போனது என்றுதான் கேட்கிறோம்.

ஆம்பூர் லெதர்:
அக்கா சொன்னது சரி, ஆனால் ஜாதியை விட்டுவிட்டார். நான் ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் மேல்தோல் தைத்தேன். எங்கள் லைனில் எல்லாரும் பெண்கள்தான், சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு டப்பா திறக்கிறார்கள் என்று பார்த்தால் ‘பெண்கள்’ என்ற ஒரே சொல் போதாது என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் ஒரு கார் கம்பெனி மேல் கறுப்பினப் பெண்கள் கேஸ் போட்டார்கள். ஃபாக்டரியில் கறுப்பு ஆண்களை எடுத்திருக்கிறார்கள், அதனால் நிறப் பாகுபாடு இல்லை, ஆபீஸில் வெள்ளைப் பெண்களை எடுத்திருக்கிறார்கள், அதனால் பெண் பாகுபாடு இல்லை என்கிற கணக்கில் வழக்கு விழுந்தது. கறுப்பாகவும் பெண்ணாகவும் இருப்பவள் எங்கே போவாள்? இதை வைத்துத்தான் 1989-ல் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் குறுக்குவெட்டுப் பார்வை (intersectionality) என்பதை எழுதினார். இங்கே அம்பேத்கர் 1916-லேயே சொல்லிவிட்டார், அகமணத்தால்தான், அதாவது சொந்த ஜாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வதால்தான், ஜாதி நிற்கிறது, அதற்காகத்தான் சதி, கைம்மைக் கொடுமை, குழந்தைக் கல்யாணம் எல்லாம் என்று. பெண்ணைப் பூட்டாமல் ஜாதியைப் பூட்ட முடியாது. உங்கள் நோட்ஸில் இது இருக்கிறதா?

குடியாத்தம்காரி:
நாலாவது கட்டமாகக்கூட இல்லை அக்கா. கடைசிப் பக்கத்தில் ‘இந்தியச் சூழல்’ என்று அரைப் பக்கம்.

பாலாற்று மணல்:
ஆம்பூர் சொன்னது நியாயம், நான் விட்டதுதான். குடியாத்தம், ஒன்று மட்டும் பார்த்துச் சொல். 1966 பீடித் தொழிலாளர் சட்டமே வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. அம்மாவுக்குச் சுற்றிய கணக்கு எழுதுகிற பாஸ்புக், பி.எஃப். இருக்கிறதா? யார் பெயரில்?

குடியாத்தம்காரி:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பாஸ்புக் பாட்டி பெயரில் இருக்கிறது, அப்பாவின் அம்மா. பாட்டிக்குக் கண் தெரியாமல் போய் ஏழு வருஷம் ஆகிறது, இன்னும் அவர் சுற்றுவதாகத்தான் கணக்கு ஓடுகிறது. அம்மாவிடம் கேட்டேன். “பேரு யாருதா இருந்தா இன்னா, அந்த நூலை எடு, இன்னும் நாலு கட்டு கட்டணும்” என்றார்.